நடுவில் நின்றவர்

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நாங்கள் மூன்று பேர்தான். நான், என் கணவர், எங்கள் ஒரே மகள். ஆனால் மூன்று பேராக நாங்கள் நிற்கும் படம் அந்த ஆல்பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மகளின் முதல் பிறந்த நாள் படத்தில் மாடி வீட்டு அக்கா நிற்கிறார். சாத்தனூர் அணையில் எடுத்த படத்தில் மீன் வறுத்து விற்கிற அம்மா, கையில் கரண்டியோடு. மகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்று எடுத்ததில் பால்காரர். ஒரு படத்தில் வெள்ளாடு. ஆள் யாரும் கிடைக்காத இடத்தில், தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்த ஆட்டை இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இப்ப சரி, நாலாச்சு" என்றார் என் கணவர்.

மூன்று பேராக நின்று போட்டோ எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். யார் சொன்னது, எதனால் என்று கேட்டால் பதில் கிடையாது. ஸ்டுடியோவுக்கு மூன்று பேர் போய் நின்றால் ஸ்டுடியோக்காரரே, "இன்னொருத்தரக் கூட்டிகினு வாங்களேன்" என்பார். என் கணவர் ராகு காலம் பார்க்கிறவர் இல்லை. பூனை குறுக்கே போனால் அதற்கு வழிவிட்டு வண்டியை ஓட்டுவார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர். உலகத்து ஜனங்களெல்லாம் வந்து தங்கிப் போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, தினமும் பேப்பரை மூலை முடுக்கு விடாமல் படிக்கிற மனுஷன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசைந்து கொடுக்கமாட்டார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். கேலி செய்து செய்து எனக்கு வாய் வலித்ததே தவிர, அவர் மாறவில்லை.

கேமராவும் அவரால் வந்ததுதான். லாட்ஜில் ஆறு மாதம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது, தன்னுடைய பழைய கேமராவை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஓரமெல்லாம் ரப்பர் பெயர்ந்துபோன டிஜிட்டல் கேமரா. மகள் விளையாடட்டும் என்று கொண்டுவந்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் உதவியாளர். காலையிலிருந்து மாலை வரை கோப்பு. என் மேஜைக்கு எதிரே இருக்கிற படிக்கட்டு ஜன்னலில் பதினொன்றரை மணிக்கு வெயில் விழும். கம்பிகளின் நிழல் படிகளில் மடிந்து மடிந்து இறங்கும். பத்து வருஷமாக அந்தப் படியில் ஏறி இறங்கியவளுக்கு அது கேமரா வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அப்புறம் பைத்தியம்தான். டீக்கடையில் கழுவிக் கவிழ்த்த கண்ணாடி தம்ளர்கள். இஸ்திரி வண்டியில் கரி ஊதும்போது எழும்புகிற பொறி. லாட்ஜ் வாசலில் குடும்பம் குடும்பமாகக் கழற்றிவிட்ட செருப்புகள். வாளித் தண்ணீர் ஊற்றி பாதி அழிந்த கோலம். சுவரில் சாத்திய துடைப்பம், அதன் நிழல்.

"ஊரே மலையப் பாத்துக் கும்புடுது. நீ என்னடான்னா தொடப்பத்தப் படம் புடிக்கிற" என்பார் அவர். ஆனால் ஒவ்வொரு படத்தையும் உட்கார்ந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, "எப்படித்தான் உன் கண்ணுக்கு மட்டும் தெரியுதோ" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் நூறு துடைப்பம் எடுத்திருப்பேன். எனக்குக் கண் இருக்கிறது என்று நம்ப ஆரம்பித்தேன். மற்றவர்கள் காணாததைக் காண்கிறவள் என்று உள்ளுக்குள் ஒரு தலைக்கனம். இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அந்தத் தலைக்கனத்தில்தான் வந்து இடித்தது.

அது தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் அடி அண்ணாமலைப் பக்கம் போனோம். அறுப்பு முடிந்த கழனி. மலைக்கு மேற்கே இருக்கிற ஊர் என்பதால் சாயங்கால வெயில் முழுசும் மலையின் முகத்தில் விழுந்தது. மலை செம்பு அண்டா மாதிரி நிறம் மாறிக்கொண்டிருந்தது. பௌர்ணமி இல்லாத நாள், மலை சுற்றுகிற வழியில் ஆள் நடமாட்டம் கம்மி. கழனியில் ஒருவரும் இல்லை.

எனக்கு அங்கே நாங்கள் மூன்று பேரும் நிற்கிற படம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆடு இல்லை, நாய்கூட இல்லை.

"யாரனா வரட்டும், இரு" என்றார்.

"வெயில் இருக்காதுங்க. இன்னும் அஞ்சு நிமிஷம்தான். நீங்கல்லாம் படிச்சவருதானா?"

"ஒரு நிமிஷம் பொறு. அதோ ஒரு சைக்கிள் வருது பாரு."

"சைக்கிள்ல வர்றவருக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்? பதினாலு வருஷமா ஒரு படம் உண்டா நம்ம மூணு பேரும் மட்டும் இருக்கிற மாதிரி? கண்டவங்க மூஞ்சியெல்லாம் நம்ம ஆல்பத்துல இருக்கு."

கோபத்தில் என் குரல் ஏறிவிட்டது. மகள், "சண்ட போடாதீங்கம்மா" என்றாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, எடு" என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கேமராவை எல்லைக்கல்லின் மேல் வைத்தேன். மகள்தான் உயரம் கம்மி. அவளை நடுவில் நிறுத்தினால் அவள் தலைக்கு நேர் மேலே மலையின் உச்சி வந்து உட்காரும். அவரை அவளுக்கு வலப்பக்கம் நிறுத்தினேன். இடப்பக்கம் எனக்கு. பத்து விநாடி கழித்து, விட்டு விட்டு மூன்று படம் எடுக்கிற மாதிரி வைத்துவிட்டு ஓடினேன். வரப்பு தடுக்கிற்று. நான் போய் நிற்பதற்குள் முதல் கிளிக் கேட்டுவிட்டது. பக்கம் திரும்பாமல் கேமராவையே பார்த்து நின்றேன். அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று.

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். முதல் படத்தில் நான் பாதி முதுகும் முந்தானையுமாக ஓடிக்கொண்டிருந்தேன். அது வீண். இரண்டாவதில் அவர் அசைந்து எல்லாம் கலங்கலாக இருந்தது. மூன்றாவதில் மூன்று பேர் முகமும் தெளிவாக இருந்தது, ஆனால் நடுவில் அவர். என் மலை உச்சி அவர் தலைக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டிருந்தது.

"யாருங்க உங்கள எடம் மாறச் சொன்னது?"

"வெயில் கண்ணுல அடிச்சுதும்மா" என்றார்.

அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. இன்னொன்று எடுக்க முடியவில்லை. வீடு வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு படம் ஒழுங்காக எடுக்க வக்கில்லை, எதையும் கெடுத்துவிடுவதே வேலை என்றெல்லாம் சொன்னேன். வண்டி ஓட்டிக்கொண்டே, "சரி, விடு" என்றார்.

சித்ரா பௌர்ணமிக்கு லாட்ஜில் ஓர் அறை மிச்சமில்லை. வராந்தாவில்கூடப் பாய் போட்டுக் கொடுத்தார்கள். அவர் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. தூக்கம் கிடையாது, சாப்பாட்டுக்குப் பதில் டீ. கூட்டமெல்லாம் வடிந்த மறுநாள் காலை நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றவர், வாயு என்று தானே முடிவு செய்து சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். பதினொரு மணிக்கு எனக்கு போன் வந்தது. படிக்கட்டு ஜன்னலில் வெயில் இன்னும் விழுந்திருக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு நாற்பத்தேழு வயது.

காரியத்துக்குப் படம் வேண்டும் என்றார்கள். ஆயிரக்கணக்கில் படம் எடுத்தவள் நான். தேடினால், ஆல்பத்துப் பழைய படங்களை விட்டால், அவர் முகம் நேராகத் தெரிகிற படம் அந்தக் கழனிப் படம் ஒன்றுதான். அதில் அவர் சிரித்துக்கொண்டும் இருந்தார். ஸ்டுடியோவில் கொடுத்து இரண்டு பக்கமும் எங்களை வெட்டிவிட்டு அவரை மட்டும் பெரிதாக்கச் சொன்னேன். அப்படியும் ஓரத்தில் மகளின் சடை கொஞ்சம் தெரிந்தது. மாலைக்குள் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

படம் வாங்கிவர என்னுடன் வந்த அவருடைய அக்கா, வெட்டாத படத்தை ஸ்டுடியோவின் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டார். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, ஜனங்கள் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், மகள் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"மூணு பேரா நின்னு எடுத்தியாம்மா? என் தம்பிய நடுவுல நிக்க வச்சு எடுத்தியா?"

"அண்ணி, அவருக்கு ஹார்ட் அட்டாக். டாக்டர் சொன்னாரே."

"டாக்டர் சொன்னாரு. அவன் ஒத்துக்கவே மாட்டானே, நீ எப்படி நிக்க வச்ச?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தம்பியைப் பறிகொடுத்தவர். யாரையாவது கேட்காமல் எப்படி இருப்பார்? நான் பார்த்தது என் மகளை. தண்ணீர்த் தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போனவள், அன்று சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

அதன் பிறகு அவள் என்னிடம் பேசுவது நின்றுபோனது. சண்டை கிடையாது. "சாப்டுட்டேன்", "டியூஷன் போறேன்", "சாவி பக்கத்து வீட்ல" என்று தேவைக்கு ஒரு வார்த்தை. முகத்தைப் பார்க்கமாட்டாள். அப்பா படத்துக்கு முன்னாலும் நிற்கமாட்டாள். படத்துக்கு மேல் சின்ன சிவப்பு பல்பு எரிகிற இடத்தைத் தாண்டும்போது குனிந்துகொண்டே போவாள். இருக்கிறது அவள் ஒருத்தி. அவளும் என்னை அப்பனைக் கொன்றவளாகப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. எப்படி எடுத்துச் சொல்வது? அது ரத்தக் குழாய் அடைப்பு, படத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நூறு முறை வாய்வரை வரும். அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். வேறு யார் என்னை வெறுத்தாலும் தாங்கியிருப்பேன்.

கேமராவைத் துணிக்கு அடியில் போட்டு பீரோவைப் பூட்டினேன். ஆனால் கண்ணைப் பூட்ட முடியவில்லை. அதுதான் கொடுமை. பதினொன்றரைக்கு வெயில் அதே படியில் விழுந்தது. டீத் தம்ளர்கள் அதேபோல மின்னின. லாட்ஜ் வழியாக ஆட்டோவில் போனால் அதே செருப்புகள், அதே அழகாக. மனுஷன் போய்விட்டான், இவற்றுக்கெல்லாம் கொஞ்சம்கூட வெட்கம் இல்லையா என்று இருக்கும். அழகு என்பது யாருக்கும் சொந்தம் இல்லை, யாரையும் காப்பாற்றாது, யாருக்காகவும் நிற்காது என்று அப்போதுதான் புரிந்தது. நான் அலுவலகத்தில் இடம் மாற்றிக் கேட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், மகள் டியூஷன் போயிருந்தபோது, அந்தக் கேமராவை எடுத்தேன். அவர் சிரிப்பதை ஓரம் வெட்டாமல் ஒரு முறை பார்க்கவேண்டும் போல இருந்தது. மூன்றாவது படத்தைப் பார்த்தேன். பிறகு சும்மா பின்னால் தள்ளி முதல் படத்துக்குப் போனேன். வீண் என்று ஒதுக்கிய படம். பெரிதாக்கிப் பார்த்தேன்.

அதில் மகள் நடுவில் நின்றாள், நான் நிறுத்திய இடத்திலேயே. தலைக்கு மேல் மலை உச்சி. அவர் கேமராவைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை அவள் தோளில் இருந்தது. அணைத்துக்கொள்கிற கை இல்லை. நகர்த்துகிற கை. அடுத்த கலங்கல் படத்தில் அவர் அவளை ஓரத்துக்கு விட்டுவிட்டு உள்ளே வருகிறார். மூன்றாவதில் வந்து நின்றுவிட்டார், சிரிக்கிறார்.

வெயில் கண்ணில் அடித்ததாம். மூன்று பேரும் மேற்கே பார்த்துத்தான் நின்றோம். எல்லார் கண்ணிலும் அதே வெயில்தான். நடுவுக்கு வந்தால் வெயில் குறையுமா? வெளிச்சத்தைப் பற்றி அத்தனை தெரிந்தவளுக்கு இது அவர் உயிரோடு இருந்த மூன்று மாதமும் உறைக்கவில்லை.

எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது. ஆனால் அவருக்கு இருந்தது. நடுவில் நிற்கிறவர் போய்விடுவார் என்று நிஜமாகவே நம்புகிற ஒருவர், பெண்டாட்டியின் கோபத்துக்காகச் சரி என்று சொல்லி, பெண்ணை நகர்த்திவிட்டு, தானே அங்கே வந்து நின்றிருக்கிறார். நின்று சிரித்திருக்கிறார். அதற்குத்தான் நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் பயம் வந்தது. இந்தப் படத்தை மகள் பார்த்தால்? அப்பா என் இடத்தில் வந்து நின்றார், அதனால் செத்தார் என்று அவள் ஆயுசுக்கும் நினைப்பாள். பதினைந்து வயதுப் பெண். அதைவிட அவள் என்னையே வெறுத்துவிட்டுப் போகட்டும். முதல் படத்தை அழித்தேன். நிச்சயமா என்று கேமரா கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினேன். இரண்டாவதையும் அழித்தேன். அவருக்குப் பிறகு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று நினைத்தேன்.

அதில் ஒரு தைரியம் வந்தது போலும். அடுத்த வாரம் கேமராவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். படிக்கட்டு வெயிலை எடுத்தேன். தம்ளர்களை எடுத்தேன். சந்தோஷத்தில் இல்லை. மூச்சு முட்டுகிறவன் ஜன்னலைத் திறக்கிற மாதிரி எடுத்தேன். மாதக் கடைசிக்குள் நாற்பது ஐம்பது சேர்ந்துவிட்டது.

ஒரு மாலை நான் அடுக்களை மேடையில் ஈரத் தட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள். கேமராவையே பார்த்தாள்.

"அம்மா, அன்னிக்கு கழனியில மூணு படம் எடுத்துச்சு இல்ல? அந்த மொத படம் இருக்குதா?"

"எதுக்கு கண்ணு?"

"நடுவுல நான்தாம்மா நின்னேன். நீ வச்ச எடத்துல. அப்பாதான் என்ன நவுத்தினாரு. 'நீ ஓரமா நில்லு கண்ணு'னு மெதுவா சொன்னாரு. உனக்குக் கேட்டிருக்காது, நீ ஓடி வந்துகினு இருந்த."

நான் கேமராவை மேடையில் வைத்தேன்.

"நான் நவுந்திருக்கக் கூடாதும்மா."

"அய்யோ கண்ணு, அது ஹார்ட் அட்டாக். அதுக்கும் இதுக்கும்..."

"தெரியும்மா. நானும் சயின்ஸ்தான் படிக்கிறேன்" என்றாள். "தெரியுது. ஆனா போகமாட்டேங்குது. அத்தை உன்னக் கேட்டாங்களே, அன்னிக்கே நான்தான் நின்னேன்னு சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு. அதான் உன் மூஞ்சியப் பாக்க முடியல."

அவள் என்னை வெறுக்கவே இல்லை. ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்பது மாதமாக அவள் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்திருக்கிறாள். நான் அதை என்மேல் கோபம் என்று படித்துக்கொண்டு, எனக்காகவே அழுதுகொண்டிருந்திருக்கிறேன். துடைப்பத்தின் நிழல் தெரிந்த கண்ணுக்குப் பெற்ற பெண்ணின் முகம் தெரியவில்லை.

"படம் இருக்குதாம்மா?"

"அழிச்சுட்டேன்" என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எடுக்க முடியுமா கேக்கலாம் வா" என்று செருப்பை மாட்டினாள்.

ஸ்டுடியோக்காரர் கேமராவின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகினார்.

"அழிச்ச பொறவு எதனா எடுத்தீங்களா மேடம்?"

"நாப்பது, அம்பது இருக்கும்."

"அதான். அழிச்ச எடத்து மேலயே புதுப் படம் உக்காந்துகிச்சு. வர்ற வரைக்கும் பாக்கலாம்."

அரை மணி நேரம் ஓடியது. எப்போதோ அழித்த துடைப்பங்களும் செருப்புகளும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இரண்டாவது படம் வரவே இல்லை. முதல் படம் வந்தது, கால்வாசி மட்டும். மேலே வானம், அதன் கீழே மலை உச்சி, நான் ஆசைப்பட்டுக் குறி வைத்த உச்சி, செம்பு நிறத்தில் கொஞ்சமும் கெடாமல் இருந்தது. அதற்குக் கீழே, எங்கள் தலைகள் தொடங்கவேண்டிய இடத்திலிருந்து அடிவரை, வெறும் சாம்பல் நிறம். "இவ்ளோதான் மேடம்" என்றார் அவர். இந்த ஊரில் மலையை யார் வேண்டுமானாலும் தினமும் பார்க்கலாம்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மகள் வந்துபோகிற பஸ்களின் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் படத்துல அப்பா கை என் தோள்லதானம்மா இருந்துச்சு?"

"ஆமா கண்ணு."

"எந்தத் தோள்ல? அன்னிக்கு துப்பட்டாவ ரெண்டு பக்கமும் பின் குத்தியிருந்தேன், எந்தப் பக்கத்துப் பின் அழுந்துச்சுன்னு தெரியல. எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது. அதுக்காகத்தான் பாக்கணும்னு நெனச்சேன்."

துப்பட்டா கத்தரிப்பூ நிறம். பின் வெள்ளை. அவர் கன்னத்தில் இரண்டு நாள் தாடி, அதில் வெயில். கழனியில் அறுத்த நெல் தாள்களின் நிழல்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. மூலையில் கரண்டுக் கம்பி, அதில் ஒரு கரிச்சான் குருவி. எல்லாம் தெரிகிறது. அவர் அவளுக்கு வலப்பக்கம் நின்றார். கை பக்கத்துத் தோளில் இருந்ததா, முதுகைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத் தோளில் இருந்ததா? கண்ணை மூடிப் பார்த்தேன். திறந்து பார்த்தேன்.

அவள் இரண்டு தோளையும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஞாபகம் இல்லை.